எடை இறங்கியது, தோல் தங்கியது

கையைப் பக்கவாட்டில் நீட்டினால் என் மேற்கையின் அடித்தோல் அக்குள் தொடங்கி முழங்கை வரை தொங்கும். கையை அசைத்தால் அது ஒரு நொடி தாமதித்து அசையும். தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோல் இரண்டு மடிப்புகளாக இறங்கியிருக்கிறது. மேல் மடிப்பு சிறியது. கீழ் மடிப்பு ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்க இடுப்பெலும்பு வரை நீள்கிறது. உள்தொடைத் தோல் முழங்காலுக்கு மேலே வந்து திரண்டு நிற்கிறது. மார்பு இறங்கிவிட்டது. கன்னங்கள் ஒட்டி, தாடைக்குக் கீழே தளர்ச்சி தெரிகிறது. எனக்கு 43 வயது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். 104 கிலோ இருந்தேன். 67 கிலோவுக்கு வந்து, ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே நிற்கிறேன்.

இதை இப்படி உறுப்பு உறுப்பாக எழுதக் காரணம் உண்டு. எடை குறைத்தவர்களின் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் எல்லோரும் ஆடையோடு நிற்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கும் ஆடையோடு. அந்த ஆடைக்குள் உடல் எப்படி இருக்கும் என்பது எடை குறைக்கத் தொடங்கும் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் செல்லும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓர் இளம்பெண் வருகிறாள். தன் உயரத்துக்கு உரிய எடையை அவள் எட்டிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் உணவைக் குறைத்துக்கொண்டே போனாள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றாள். “பிறகு ஏனம்மா நிறுத்தாமல் இருக்கிறாய்?” என்று கேட்டேன். “இந்த வயிறு போகும்வரை நிறுத்த மாட்டேன், அக்கா” என்று அடிவயிற்றைப் பிடித்துக் காட்டினாள். அவள் விரல்களுக்கு இடையே இருந்ததில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. அது வெறும் தோல். பட்டினி கிடந்து தோலைக் குறைக்க முடியாது. அன்று அவளிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

தோலையும் கொழுப்பையும் பிரித்தறிய என் மருத்துவர் கற்றுத்தந்த வழி எளிமையானது. நின்றபடி அந்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். பிடியில் வருவது மெலிதாக, மென்மையாக, மேற்பரப்பு முழுதும் சுருக்கத்தோடு, அடியில் உள்ள தசையிலிருந்து தனியே வழுக்கிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் தோல். தடித்து, கெட்டியாக, விரலுக்குள் அடங்காமல் வந்தால் அதில் கொழுப்பு இருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். என் மேற்கையில் கிட்டத்தட்ட எல்லாமே தோல். அடிவயிற்றின் கீழ் மடிப்பில் தோலோடு கொஞ்சம் கொழுப்பும் இருக்கிறது. அதை அறிந்த நாளிலிருந்து எடைக் கருவியைப் பற்றிய என் கவலை வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தக் கருவிக்குத் தோல் எது, தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது.

தோல் ஏன் உடலோடு சேர்ந்து சுருங்குவதில்லை? மேலே தெரியும் மெல்லிய மேல்தோலுக்கு அடியில் உள்தோல் இருக்கிறது. அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருவது எலாஸ்டின் என்ற மற்றொரு புரதம். உடல் எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உருவாக்குகிறது. வளர்ந்த பிறகு புதிதாக உண்டாவது மிகக் குறைவு. பல ஆண்டுகள் பருமனாக இருந்த உடலின் தோலில் இந்த இழைகள் நீண்டு, இடையிடையே அறுந்து, ஒழுங்கு குலைந்துவிடுகின்றன. எனக்குத் தையல் தெரியும் என்பதால் இது சட்டென்று புரிந்தது. நெடுநாள் இழுபட்ட இலாஸ்டிக் நாடாவில் நூல் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர்தான் விட்டுப்போயிருக்கும். துவைத்தாலும் காயவைத்தாலும் அது மீண்டும் இறுகாது. என் தோல் இருபது வயது முதல் நாற்பது வயது வரை நீண்ட நிலையிலேயே இருந்த தோல்.

கொழுப்புச் செல்களைப் பற்றிய உண்மை எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. எடை குறைந்தால் அந்தச் செல்கள் அழிந்துபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எடை குறைவதால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை, அவை சுருங்குகின்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்கள் பயன்படுத்திய முறை அருமையானது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு திடீரென உயர்ந்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது. ஒரு செல் உருவான காலத்தில் காற்றில் இருந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். அதைக் கொண்டு செல்லின் வயதைக் கணித்தார்கள். ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்குக் கொழுப்புச் செல்கள் இறந்து, அதே அளவு புதியவை பிறக்கின்றன. வளர்ந்தவர்களின் உடலில் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெருமளவு எடை குறைத்தவர்களிடமும் எண்ணிக்கை குறையவில்லை, செல்களின் பருமன்தான் குறைந்திருந்தது. தோலுக்கு அடியில் நிறைந்திருந்த பொருள் வற்றிவிட்டது, இடம் அப்படியே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“மெதுவாகக் குறைத்திருந்தால் தோல் தொங்கியிருக்காது” என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் மெதுவாகத்தான் குறைத்தேன். மெதுவாகக் குறைப்பதில் நன்மைகள் உண்டு: தசை இழப்பு குறையும், பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பு குறையும். ஆனால் தோல் எவ்வளவு தொங்கும் என்பதை முடிவு செய்பவை பெரும்பாலும் வேறு: எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தோம், இப்போது என்ன வயது, பிறவியிலேயே நம் தோல் எப்படிப்பட்டது, எவ்வளவு வெயில் பட்டது, புகைபிடித்தோமா, எத்தனை முறை கருவுற்றோம். இவற்றில் பலவும் எடை குறைக்கத் தொடங்கும் முன்பே முடிந்துபோனவை. இருபத்தைந்து வயதில் பத்து கிலோ குறைத்தவரின் தோல் பெரும்பாலும் உடலோடு ஒட்டிவிடும். நாற்பதில் முப்பத்தேழு கிலோ குறைத்தவளின் தோலை அதோடு ஒப்பிட்டு, ‘நீ சரியாக உடற்பயிற்சி செய்யவில்லை’ என்று சொல்வது அநியாயம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சற்றே ஆறுதலான ஒன்றும் உண்டு. எடை நிலைத்த பிறகும் ஓராண்டு, இரண்டாண்டு வரை தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகக்கூடும். என் முகத்திலும் கழுத்திலும் அதைக் கண்டேன். வயிற்றில் காணவில்லை.

அளவுநாடா எடுத்துப் பழகியவள் என்பதால் உடலின் வடிவம் மாறிய விதத்தை நாடாவிலும் பார்த்துவந்தேன். எல்லா இடமும் ஒரே விகிதத்தில் குறையவில்லை. முதலில் முகமும் கழுத்தும், பிறகு மார்பு, கடைசியாகத்தான் இடுப்பும் தொடையும். எங்கிருந்து முதலில் குறைய வேண்டும் என்று உடலுக்கு நாம் கட்டளையிட முடியாது. வயிற்றுக்கென்று பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது உண்மையல்ல. இடுப்பளவு எடுக்கும்போது இன்னொரு சிக்கல்: நின்று எடுத்தால் ஓர் அளவு, படுத்து எடுத்தால் வேறு அளவு. மடிப்பை நாடாவுக்குள் விட்டால் ஒன்று, மேலே தூக்கிவிட்டால் மற்றொன்று. கால்சட்டை வாங்கும்போதும் இதே கதைதான். மடிப்பை உள்ளே வைத்துப் பொத்தான் போட்டால் ஓர் அளவு பெரிதாக வேண்டும். மடிப்பு வெளியே விழும்படி போட்டால் சிறியது போதும், ஆனால் பட்டை தோலை அறுக்கும். நான் உயரமான இடுப்புப்பட்டை வைத்துத் தைத்துக்கொள்கிறேன், மடிப்பு முழுவதும் அதற்குள் அடங்கும்படி.

மேல்சட்டையில் தொல்லை கைப்பகுதியில்தான். தோள் குறுகிவிட்டது, மார்பளவு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் மேற்கையின் சுற்றளவு அந்த அளவுக்குக் குறையவில்லை. தோள்பட்டைக்குச் சரியாகப் பொருந்தும் ஆயத்த ஆடை கையில் பிடிக்கும். கைக்குப் பொருந்துவது தோளில் வழியும். அதனால் அக்குளில் ஒரு சாய்சதுரத் துணித்துண்டை வைத்துத் தைக்கிறேன். கையைத் தூக்கினாலும் துணி இழுபடாது, தோலும் மடங்கிச் சிக்காது. தைக்கத் தெரியாதவர்கள் தையல்காரரிடம் வெட்கப்படாமல் சொல்லலாம். அவர்கள் எல்லா வகை உடலையும் பார்த்தவர்கள்.

எலும்புகள் தென்பட்டதுதான் எனக்கு அச்சம் தந்த மாற்றம். ஒரு நாள் குளிக்கும்போது நெஞ்சின் நடுவில், விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குக் கீழே, கடினமான ஒரு முனை விரலில் தட்டுப்பட்டது. கட்டி என்றே நினைத்தேன். இரவு உறக்கம் வரவில்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: அது நெஞ்செலும்பின் கீழ் நுனி. எல்லோருக்கும் இருப்பதுதான். இளமையில் குருத்தெலும்பாக இருந்து, நாற்பது வயதுவாக்கில் பலருக்கு எலும்பாக இறுகிவிடும். மேலே கொழுப்பு இருந்தவரை அது என் கைக்கு எட்டவே இல்லை. எடை குறைத்த பலர் இதே அச்சத்தோடு மருத்துவரிடம் வருகிறார்கள் என்றார் அவர். உங்களுக்கும் தட்டுப்பட்டால் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஆனால் உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். புதிதாக வரும் எந்தக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டுவதே சரி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வால் எலும்பும் அப்படித்தான். மரநாற்காலியில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. பக்கவாட்டில் படுத்தால் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்து வலித்தன; இப்போது நடுவில் சிறு தலையணை வைத்துக்கொள்கிறேன். குளிர் தாங்க முடிவதில்லை. கொழுப்பு உடல் வெப்பத்தைக் காத்துவந்தது, இப்போது அது குறைவு. குறைவாக உண்ணும் உடல் வெப்பத்தையும் சிக்கனமாகவே உண்டாக்குகிறது. விரல்கள் மெலிந்து மோதிரம் கழன்று விழுந்தது. காலணி அளவுகூட அரை எண் இறங்கியது. சில மாதங்கள் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. உணவு குறைந்து, எடை இறங்கிய காலத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி இப்படி உதிர்வது வழக்கம் என்றும், பெரும்பாலும் தானே திரும்ப வளரும் என்றும் தோல் மருத்துவர் சொன்னார். நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புதுமுடி முளைத்தபோது நான் கண்ணாடி முன் நின்று அழுதேன், மகிழ்ச்சியில்.

நல்ல மாற்றங்களும் தோலிலேயே தெரிந்தன. என் பின்கழுத்திலும் அக்குளிலும் பல ஆண்டுகளாகக் கருத்துத் தடித்த, வெல்வெட்டைத் தொடுவது போன்ற தோல் இருந்தது. அழுக்கு என்று சொல்லித் தேய்க்கச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அது அழுக்கு அல்ல. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில் தோன்றும் அறிகுறி. எடை இறங்க இறங்க அந்தக் கருமை தானே மங்கியது. அதே இடத்தில் இருந்த சின்னச் சின்னத் தோல் மருக்கள் மட்டும் போகவில்லை. அவை தானாக உதிர்வதில்லை, வேண்டுமானால் மருத்துவர் எடுத்துவிடுவார். வயிற்றிலும் தொடையிலும் இருந்த வரித்தழும்புகள் சிவப்பும் ஊதாவுமாக இருந்து இப்போது வெள்ளிக் கோடுகளாக வெளுத்துவிட்டன. அவை உள்தோல் கிழிந்து ஆறிய தழும்புகள். மறைவதில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. இதைப் பற்றிப் பேசத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் இதில்தான் உடனடி நிம்மதி இருக்கிறது. தோலும் தோலும் உரசும் மடிப்புக்குள் வியர்வை தேங்கும், காற்று புகாது. முதலில் சிவந்து எரியும், பிறகு தோல் ஊறி வெடிக்கும், அதன்மேல் கேண்டிடா என்ற பூஞ்சை எளிதாகப் பற்றும். பூஞ்சை பற்றிவிட்டால் சிவப்பின் ஓரத்தில் தனித்தனியாகச் சிறு புள்ளிகள் தெரியும். நான் குளித்தவுடன் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, மென்மையான துணியால் ஒற்றி எடுப்பேன். தேய்ப்பதே இல்லை. பிறகு சிறிது நேரம் காற்றாட விடுவேன். வெளியே போகும் நாளில் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிய பூச்சாகத் தடவுவேன். நீண்ட நடைக்கு முன் உள்தொடையில் பெட்ரோலியம் ஜெல்லி. வெயில் கொளுத்தும் நாட்களில் மடிப்புக்குள் ஒரு பருத்தித் துணித்துண்டை வைத்து, நனைந்ததும் மாற்றுவேன். சிவப்பு இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால், நாற்றமோ நீர்க்கசிவோ இருந்தால், மருத்துவரிடம் போய்விட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கண்டதையும் தடவாதீர்கள், ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சொல்லாமல் மடிப்புக்குள் தடவினால் தோல் மேலும் மெலிந்துபோகும்.

ஓடும்போதும் குதிக்கும்போதும் தளர்ந்த தோல் அடித்து வலிக்கும். இறுக்கமான உடற்பயிற்சி உள்ளாடை அதைத் தாங்கிக்கொள்கிறது. தரையில் கைகளை ஊன்றிச் செய்யும் பயிற்சியின்போது வயிற்றுத் தோல் கீழே தொங்குவதைக் குனிந்து பார்க்கையில் மனம் வாடும். நான் பார்வையை விரல்களுக்கு முன்னால் தரையில் நிறுத்திக்கொள்கிறேன்.

தசையைப் பற்றி ஒரு சொல். எடை குறையும்போது போவதெல்லாம் கொழுப்பு அல்ல. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலான மற்றத் திசுக்களிலிருந்து போகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எடை தூக்கிப் பயிற்சி செய்து, போதுமான புரதமும் உண்டால் இந்த இழப்பைக் குறைக்கலாம். தசை வளர்ந்தால் தொங்கும் தோலுக்கு அடியில் கொஞ்சம் நிரவல் கிடைக்கும். என் தோளும் பின்தொடையும் இப்போது நன்றாகவே இருக்கின்றன. மேற்கையில் தசை நன்றாகத் திரண்டிருக்கிறது, அதற்குக் கீழே தோலும் தொங்குகிறது. இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன.

தோலை இறுக்கும் களிம்புகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கொலாஜன் மிகப்பெரிய மூலக்கூறு. மேலே தடவினால் உள்தோலுக்குள் போகாது. ஈரப்பதம் தரும் களிம்பால் வறட்சி தீரும், நமைச்சல் குறையும், அவ்வளவே. ரேடியோ அலை, ஒலி அலைக் கருவிகளால் லேசான தளர்ச்சியில் ஓரளவு பயன் உண்டு. தொங்கும் மடிப்பை அவை மேலேற்றுவதில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை இதற்கு நம்பிப் போவது இன்னும் ஆபத்தானது: உள்ளே இருக்கும் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டால் தோல் மேலும் தளரும்.

மனம் உடலைவிட மெதுவாக நகர்கிறது. இரண்டு நாற்காலிகளுக்கு இடையே இப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன். கடைக் கண்ணாடியில் தெரியும் பெண்ணை ஒரு கணம் அடையாளம் தெரிவதில்லை. உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், “உடம்புக்கு என்ன? ஏதாவது நோயா?” என்று கேட்டார். “இல்லை சித்தப்பா, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு நலமாக இருக்கிறேன்” என்றேன். கணவரிடம் என் வயிற்றைக் காட்ட முதலில் தயங்கினேன். விளக்கை அணைத்துவிட்டேன். பிறகு ஒரு மாலை, மடிப்பில் களிம்பு தடவ எட்டாமல் தடுமாறியபோது அவரே வந்து தடவினார், எந்தப் பேச்சும் இல்லாமல். அதன் பிறகு மறைக்கவில்லை.

தொங்கும் தோலை நீக்கும் ஒரே உறுதியான வழி அறுவை சிகிச்சை. அதைப் பற்றி ஒரு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணரிடம் விரிவாகப் பேசினேன். எடை ஆறு மாதமாவது நிலையாக இருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீணாகும். புகைபிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் இரத்த ஓட்டம் குறைந்து காயம் ஆறாமல் பிரிந்துவிடும். தோல் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது ஒரு சிகிச்சை. தோலை எடுத்து, மகப்பேற்றில் விலகிய வயிற்றுத் தசைகளையும் சேர்த்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் கொடுப்பது வேறொரு சிகிச்சை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அடிவயிற்றில் ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தழும்பு நிரந்தரமாக இருக்கும். தோலுக்கு அடியில் நீர் தேங்கலாம், தொற்று வரலாம், காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி மரத்துப்போய் நெடுநாள் இருக்கலாம். பல வாரங்கள் இறுக்கும் உடை அணிய வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்ன அந்த மருத்துவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

யோசித்து முடிவெடுத்துவிட்டேன். வயிற்றுக்கு மட்டும் செய்துகொள்கிறேன், ஏனென்றால் அங்கே புண் திரும்பத் திரும்ப வருகிறது. கைகளுக்கு வேண்டாம். அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு இருக்கும். அதைவிட இந்தத் தோலே எனக்குப் பழகிவிட்டது. தொடைக்கும் வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவாக இருப்பது தெரியவந்தது. அது சரியாகும்வரை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் தேதி தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மடிப்பு எப்படி இருக்கிறது, தையல் எப்படி ஆறுகிறது என்பதையும் இதே விவரத்தோடு எழுதுவேன். அந்த இளம்பெண்ணும் கேட்டிருக்கிறாள். அவள் உணவைக் கூட்டிவிட்டாள். தலைசுற்றல் நின்றுவிட்டது என்றாள்.